எருக்கங்காய்க் கர்லாக்கட்டை

குளத்தங்கரைக் கிளுவை வேலியில் முறுக்கன் என்று ஓர் ஓணான் இருந்தது. வெயில் ஏறியதும் உயரமான குச்சியில் உட்கார்ந்து நூறு தண்டால் எடுக்கும். ஒன்று குறையாது. அதன் உடம்பு புளியம் விளாறு மாதிரி இருந்தது.

ஒருநாள் வேலிக்குக் கீழே யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தது முறுக்கன். மொத்தப்பர் என்ற பெருச்சாளி முள்புதருக்குள் பதுங்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது.

"என்ன ஐயா, வளையை விட்டுவிட்டு இங்கே?"

"வளைக்குள் நுழைய முடியவில்லை, தம்பி! நிலக்கடலைக் காட்டில் ஒரு மாதம் விருந்து. திரும்பி வந்தால் தலை போகிறது, தொந்தி போக மாட்டேன் என்கிறது!"

"தோண்டிப் பெரிதாக்குவதுதானே?"

"பாறை இடுக்கு அப்பா! பல்தான் போகும்."

"வேறு வளை தோண்டுங்களேன்!"

"குனியவே முடியவில்லை. தோண்டுகிறேனாம்!" என்று சிடுசிடுத்தது மொத்தப்பர். பிறகு குரலைத் தாழ்த்தி வானத்தைக் காட்டியது. மேலே ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. "அது என்னைப் பார்த்துவிட்டது. மூன்று நாளாக இங்கேயே சுற்றுகிறது. நீ தண்டால் எடுப்பதைத் தினமும் பார்க்கிறேன். என்னை இளைக்க வை. உனக்குத் தினமும் ஒரு கை கறையான் தருகிறேன்!"

முறுக்கனுக்குக் கழுத்து சிவந்துவிட்டது. பெருமை வந்தால் ஓணானுக்கு அப்படித்தான் ஆகும்.

மறுநாளே அது புதர் தேடிப் போனது. மொத்தப்பரை ஓட வைத்தது, குனிய வைத்தது, பத்து பஸ்கி போட வைத்தது. "மூச்சை உள்ளே இழுங்க! இன்னும் இழுங்க!" என்று கூடவே ஓடிக் கத்தியது. ஐந்தே நாளில் மொத்தப்பருக்குத் தன் கால் விரல்கள் தெரிந்தன.

செய்தி பரவியது. அணில் கூப்பிட்டது. கௌதாரி கூப்பிட்டது. எல்லோர் வீட்டுக்கும் நேரில் போய்ப் பயிற்சி கொடுப்பது என்று முறுக்கன் முடிவு செய்தது. அங்கேதான் அதற்குப் புத்தி குறுக்கே ஓடியது.

'வெறுங்கையோடு போனால் எவன் மதிப்பான்? ஆசான் என்றால் ஆசான் மாதிரி தெரிய வேண்டாமா?' என்று அது யோசித்தது.

இரண்டு பெரிய எருக்கங்காய்களைப் பறித்துக் குச்சி செருகிக் கர்லாக்கட்டை செய்தது. சீந்தில் கொடியை அறுத்துத் தாண்டுகயிறு ஆக்கியது. பூவரசு இலையைச் சுருட்டி ஊதல் செய்தது. வாழைநாரை இடுப்பில் பட்டையாகக் கட்டி, கர்லாக்கட்டைகளை அதில் குறுக்காகச் செருகிக்கொண்டது. அத்தனை சாமான்களையும் ஏற்ற, பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போட்ட ஒரு பனங்காய் வண்டியைப் பிடித்தது. வண்டிக்கு முன்னால் ஓர் ஆலிலைப் பலகை:

'ஆசான் முறுக்கன். உங்கள் வளைக்கே வருவோம்!'

அணில் மரத்திலிருந்து எட்டிப் பார்த்தது. "வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இப்போது வண்டிக்கும் சாட்சியா?"

"பொறாமை, பொறாமை!" என்றது முறுக்கன்.

ஆனால் வண்டி நகர வேண்டுமே! முறுக்கன் முக்கி இழுத்ததில் ஊதல்தான் 'பீ' என்றது, வண்டி அசையவில்லை.

"மொத்தப்பரே, இன்று முதல் உங்களுக்குப் புதுப் பயிற்சி. வண்டி தள்ளுங்க!"

"நீ எங்கே ஏறுகிறாய்?"

"ஆசான் உயரத்தில் இருந்தால்தானே சீடன் செய்யும் தப்பு தெரியும்?"

இப்படியாக வண்டி வீடு வீடாகப் போயிற்று. மேட்டிலும் பள்ளத்திலும் மொத்தப்பர் தள்ளியது. முறுக்கன் மேலே உட்கார்ந்து ஊதியது. வாசலில் இறங்கி, தலைப் பருமன் கர்லாக்கட்டையை ஒரே கையால் சுழற்றிக் காட்டும். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். பிறகு, "ம், நீங்கள் செய்யுங்க!" என்று நிழலில் சாய்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்புவது அந்தக் காட்டில் வழக்கமில்லை. அணில் வீட்டில் எறும்பு முட்டை, கௌதாரி வீட்டில் ஈசல் பொரி. "ஆசானே, இன்னும் ஒரு வாய்!" என்றால் முறுக்கன் மறுக்காது. காலைத் தண்டால் நூறு ஐம்பதானது, ஐம்பது ஐந்தானது, பிறகு, "எனக்கு எதற்கு? நான்தான் ஆசானாயிற்றே!" என்றானது. வாழைநார்ப் பட்டை வயிற்றுச் சதைக்குள் புதைந்தது. முடிச்சு எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியவில்லை.

மழைக்காலம் நெருங்கியது. மொத்தப்பர் வளைக்குள் நுழையும் நாளை ஒரு விழாவாக்கியது முறுக்கன். நாலு பேர் பார்த்தால் நாற்பது பேர் வருவார்கள் அல்லவா? பாறைக்கு முன்னால் எல்லா விலங்கும் கூடின. முறுக்கன் வண்டிமேல் நின்று ஊதலை எடுத்தது.

"பார்ப்பவர்கள் பாருங்கள்! இந்தப் பெருச்சாளியை இளைக்க வைத்தது யார்?"

பதில் மேலிருந்து வந்தது. 'விர்ர்ர்!'

"பருந்து!" என்று அலறிக்கொண்டு அணில் மரமேறியது. கௌதாரி புதரில் பாய்ந்தது. வண்டி தள்ளி இறுகிய கால்களோடு மொத்தப்பர் ஒரே ஓட்டம் எடுத்தது. தலை போயிற்று, தொந்தியும் போயிற்று! உள்ளே விழுந்த பிறகுதான் அதற்கே தெரிந்தது, தான் வீட்டுக்குள் இருக்கிறோம் என்று.

முறுக்கனும் குதித்தது. பத்து அடியில் மூச்சு வாங்கியது. தட்டுத் தடுமாறி வளையில் தலையை நுழைத்தது. 'டக்!' குறுக்கே இருந்த கர்லாக்கட்டைகள் வாசலில் மாட்டிக்கொண்டன.

"ஆசானே, மூச்சை உள்ளே இழுங்க! இன்னும் இழுங்க!" என்று உள்ளிருந்து கத்தியது மொத்தப்பர்.

"இழுக்கிறேன் அய்யா! மூச்சு இருந்தால்தானே!"

"கட்டையைக் கழற்றி எறியும்!"

"முடிச்சு கிடைக்கவில்லையே! ஐயோ, என் வால்!"

பருந்தின் நகம் பட்டையில் மாட்டியது. முறுக்கன் பின்னால் இழுபட்டது. மொத்தப்பர் ஒரு கையால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, சதையை விலக்கி, முடிச்சைத் தேடி, 'கறுக்' என்று கடித்தது. நார் அறுந்தது. முறுக்கன் உள்ளே உருண்டது. பட்டையும் கர்லாக்கட்டையும் பருந்தோடு போயின. உயரத்தில் அது அழுத்திய அழுத்தில் இரண்டு காய்களும் வெடித்தன. வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு காடெல்லாம் பறந்தது.

அணில் ஒரு பஞ்சைப் பிடித்து முகர்ந்தது. "அடப்பாவி! இத்தனை நாளும் ஒரே கையால் சுழற்றியது இதைத்தானா?"

முறுக்கன் வளைக்குள்ளிருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் காலை பனங்காய் வண்டிக்கு முன்னால் வரிசை நின்றது. எல்லோரும் மொத்தப்பரிடம், "எங்களுக்கும் தள்ளக் கற்றுக்கொடுங்க!" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முறுக்கன் வேலிமேல் வெறும் உடம்போடு ஏறியது. ஒரு தண்டால் எடுத்தது. இரண்டு எடுத்தது. மூன்றாவதில் பாதியிலேயே படுத்துவிட்டது.

"எத்தனை ஆசானே?" என்று கீழிருந்து கேட்டது மொத்தப்பர்.

"இரண்டரை!"

"தேவலை! கூடவே நானும் எடுக்கிறேன். ம், மூச்சை இழுங்க!"

ஊரை ஓடச் சொல்லிவிட்டுத் தான் வண்டியில் உட்கார்ந்திருப்பவன், தானே ஓட வேண்டிய நாளில் தடுமாறி நிற்பான்.