செம்பியும் ஐந்து சாண மேடுகளும்

ஒரு காட்டில் செம்பி என்றொரு காட்டுக்கோழி இருந்தாள். கேளுங்கள் குழந்தைகளே, அவளுக்குப் பறக்கத் தெரியும், கிளறத் தெரியும், முட்டையிடவும் தெரியும். ஆனாலும் இரண்டு வருஷமாக அவள் பின்னால் ஒரு குஞ்சுகூட நடந்து வரவில்லை.

காரணம், அந்தக் காட்டுக் கரடி.

கோழிக்குக் கறையான் என்றால் உயிர். காட்டில் கறையான் புற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோடை வந்தால் புற்றுமண் கல்லாய் இறுகிவிடும். கோழி கொத்தினால் அவள் மூக்குதான் வலிக்கும். கரடியோ நகத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் போதும், புற்று இரண்டாகப் பிளந்துவிடும். அவன் உறிஞ்சித் தின்றது போக, ஓரமாக ஓடுகிற கறையானைச் செம்பி பொறுக்கிக்கொள்வாள். அதற்குப் பதிலாக அன்றைக்கு இட்ட முட்டையை அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அது அவன் வைத்த சட்டம்.

"நான் இல்லையென்றால் உன் பாடு பட்டினிதான், கோழி" என்பான் கரடி, முட்டை ஒழுகிய வாயை நக்கிக்கொண்டே.

செம்பி காலையில் சூரியன் எழும்பும்போது தலையைத் தாழ்த்தி வேண்டிக்கொள்வாள். 'படைத்தவனே, கிளறுவதற்குக் கால் கொடுத்தாய். இந்தக் காலுக்கு ஒரு வழியையும் காட்டு. இந்த வருஷமாவது என் முட்டை எனக்கு இருக்கட்டும்.'

ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரம். ஓடைக்கரையில் யானைகள் போட்டுவிட்டுப் போன சாண உருண்டைகள் கிடந்தன. அதில் ஒன்றைச் செம்பி காலால் புரட்டினாள். அடியில் வெள்ளை வெளேரென்று கறையான் மொய்த்துக் கிடந்தது. வயிறு நிறையத் தின்றாள். தின்றுவிட்டு அடுத்த உருண்டையைப் புரட்டினாள், ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

இதில் மட்டும் எப்படி வந்தது என்று நின்று பார்த்தாள். மற்ற உருண்டைகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. இது மட்டும் ஓடைத் தண்ணீர் கசிந்து ஈரமாக, சருகு மூடி நிழலில் கிடந்தது.

அவ்வளவுதான், அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தான் குடியிருந்த மருத மரத்தடிக்கு ஒரு சாண உருண்டையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தாள். ஓடையில் நெஞ்சை நனைத்துக்கொண்டு வந்து அதன்மேல் உதறினாள். மேலே சருகைப் போட்டு மூடினாள்.

மரத்தில் ஒரு மைனா இருந்தாள். ஊர் வம்பெல்லாம் அவள் வாயில்தான் இருக்கும். "என்னடி செம்பி, சாணத்தைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கிறாயா?" என்று கேட்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் செம்பி ஆசையாகத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. மைனாவின் சிரிப்பு கிளைக்குக் கிளை தாவியது. அதற்கு மறுநாளும் அதே நேரத்துக்குத் திறந்தாள், அன்றைக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அடியில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னத் துளைகள் இருந்ததைக் கவனித்தாள். ஓகோ, வந்திருக்கின்றன. வெயில் ஏறியதும் மண்ணுக்குள் இறங்கிவிட்டிருக்கின்றன.

மூன்றாம் நாள் சூரியனுக்கு முன்னால் எழுந்தாள். சருகை விலக்கி மெல்லப் புரட்டினாள். வெள்ளை வெளேரென்று கிடந்தது. பாதியைத் தின்றாள், மீதியை நாளைக்கு என்று மூடி வைத்தாள். மைனா கிளையிலிருந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

பத்து நாளில் மருத மரத்தைச் சுற்றி ஐந்து மேடுகள் எழுந்தன. ஒரு நாளைக்கு ஒரு மேடு என்று முறை வைத்துத் திறந்தாள். பக்கத்திலேயே, கறையான் தின்று பொலபொலவென்று ஆன பழைய சாணத்தைக் கிளறிப் பரப்பி, காட்டுச் சாமையைத் தூவினாள். அதற்கும் நெஞ்சில் தண்ணீர் சுமந்தாள். பச்சைப் பசேலென்று முளை கிளம்பியது. கரடி இருக்கும் பக்கம் அவள் எட்டிப் பார்ப்பதே இல்லை. புதருக்குள் ஏழு முட்டைகளை இட்டு, படைத்தவன்மேல் பாரத்தைப் போட்டு அடைகாக்க உட்கார்ந்துவிட்டாள்.

முட்டை ருசி கண்ட நாக்கு சும்மா இருக்குமா? கோழி எங்கே என்று கரடி மைனாவைக் கேட்டான். செம்பி சாணத்தில் கறையான் வளர்க்கும் கதையை மைனா ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். கரடிக்குக் கோபம் தலைக்கேறியது. புற்றே இல்லாமல் போனால் கறையான் எங்கிருந்து வரும், கோழி தானாக முட்டையோடு வந்து நிற்பாள் என்று கணக்குப் போட்டான். காட்டிலிருந்த புற்றையெல்லாம் இரண்டே நாளில் உடைத்துத் தள்ளினான். தின்றது கொஞ்சம், பாழாக்கியது மலைபோல. வெயில் பட்டு மடிந்தவை போக, மிச்சக் கறையான் மண்ணுக்குள்ளேயே ஈரத்தைத் தேடி நகர்ந்தது.

அந்தக் கோடையில் ஈரம் எங்கே இருந்தது? செம்பியின் மேடுகளில்தான்.

மூன்றாம் நாளிலிருந்து கரடிக்குப் பசி. அத்தி இன்னும் பழுக்கவில்லை, தேன்கூடுகளும் காலி. இப்படியே ஒரு வாரம் அலைந்து, ஒரு நாள் நண்பகலில் புதரை விலக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"எழுந்திரு கோழி. முட்டையெல்லாம் எனக்கு."

செம்பியின் இறகுக்கு அடியில் ஒரு முட்டை 'டொக்' என்று உள்ளிருந்து தட்டியது. அவள் எழுந்திருக்கவில்லை.

"உங்களைத் தடுக்க எனக்குப் பலம் இல்லை, அண்ணா. ஏழு முட்டையும் உங்களுக்கு ஒரு வாய்க்குக் காணாது. நாளைக்கு என்ன தின்பீர்கள்?"

"கறையான்."

"எந்தப் புற்றில்?"

கரடி சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இந்தக் காட்டில் மிஞ்சிய கறையானெல்லாம் என் மேடுகளுக்கு அடியில் இருக்கிறது" என்றாள் செம்பி.

"அப்படியானால் அதையும் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று கரடி முதல் மேட்டைப் புரட்டினான். உச்சி வெயில். உள்ளே வெறும் சக்கைதான் இருந்தது. இரண்டாவதைப் புரட்டினான், மூன்றாவதைப் புரட்டினான். ஐந்தையும் கலைத்துவிட்டுத் தன் நகத்தைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கே?" என்றான்.

"நான் திறந்தால் இருக்கும். ஆனால் என் முட்டை போனால் நானும் இங்கே இருக்கமாட்டேன். பக்கத்துக் காட்டிலும் யானை உண்டு, ஓடை உண்டு. எனக்குக் கால் இருக்கிறது, வேலையும் தெரியும்."

கரடியின் வயிறு இடிபோல் உறுமியது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன செய்ய வேண்டும், சொல்லு செம்பி."

அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"முதலில் கலைத்ததையெல்லாம் மூடுங்கள். ஓடையில் முங்கி வந்து அதன்மேல் உடம்பை உதறுங்கள். நாளைக் காலையில் வெயில் இந்த மருத மரத்து உச்சியைத் தொடும் முன்னால் வாருங்கள். பிந்தி வந்தால் கிடைக்காது."

மறுநாள் செம்பி கண் விழித்தபோது கரடி முன்னதாகவே வந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தான். அவள் இறகை விரித்து எழுந்தாள். ஏழு குஞ்சுகளும் கீச்கீச்சென்று அவள் காலடியில் சிதறின. சூரியன் வரும் திசையைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திவிட்டு, முதல் மேட்டைப் புரட்டினாள். வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஒரு பங்கு குஞ்சுகளுக்கு, ஒரு பங்கு கரடிக்கு.

கரடி மண்ணோடு சேர்த்து நக்கித் தின்றான். நாளைக்கும் வரலாமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தாராளமாக வாருங்கள். ஆனால் மேட்டுக்குச் சாணம் குறைந்துவிட்டது, அண்ணா" என்றாள் செம்பி. "மேற்கே யானைத் தடம் தெரிகிறது."

அன்று மாலை மைனா கிளையில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தாள். கரடி மூச்சு வாங்க வாங்க ஒரு பெரிய சாண உருண்டையை உருட்டிக்கொண்டு வந்தான். அதில் ஒட்டியிருந்த விதைகளைக் கொத்திக்கொண்டே ஏழு குஞ்சுகளும் அவன் பின்னால் வரிசையாக நடந்து வந்தன.

"என்ன மாமா, புது வேலையா?" என்றாள் மைனா.

கரடி நிற்கவில்லை. இருட்டுவதற்குள் மேடு போட வேண்டுமே.

நீதி: தன் உணவைத் தானே வளர்க்கக் கற்றவர் யாருக்கும் அஞ்சி நிற்க வேண்டியதில்லை.