நாலாவது தடம்

பாக்கியசீலிக்கு வயது நாற்பத்தொன்று. சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். அவரிடம் கற்றுக்கொள்ள வந்த சண்முகவடிவுக்கு அறுபது. பள்ளியில் ஓவிய ஆசிரியையாக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சிஷ்யைக்கு வயது கூடுதல் என்பதில் இருவருக்குமே கூச்சம் இல்லை. குரு சிஷ்யையை "டீச்சர்" என்பார். சிஷ்யை குருவை "சீலிம்மா" என்பார்.

மூன்று வருஷம் போன பிறகு டீச்சருக்கு முதல் புத்தகம் கிடைத்தது. முப்பிடாதி என்ற ஓட்டக்காரியின் கதை. சேரியில் பிறந்து, நாட்டுக்காக ஓடப் போனவர். அந்த மாவட்டத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண் அவர்தான். மொத்தம் இருபத்துநான்கு பக்கம்.

இருபத்துமூன்று பக்கங்கள் முடிந்துவிட்டன. பன்னிரண்டாம் பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. டீச்சர் அதை ஒன்பது தடவை வரைந்து, ஒன்பதையும் சுருட்டி எடுத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

"இந்த வேலையைத் திருப்பிக் குடுத்துரலாம்னு இருக்கேன், சீலிம்மா."

"ஏன்?"

"கை வரமாட்டேங்குது."

அந்தப் பக்கத்துக்கு எழுதியிருந்தது இரண்டே வரி. 'அன்று மற்றவர்கள் விலகிப் போனார்கள். முப்பிடாதி தனியாக ஓடினாள்.'

குரு ஒன்பது படங்களையும் தரையில் பரப்பினார். ஒன்பதிலும் ஒரு பெண், ஒரு தடம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் வெறும் மணல். கால், பின்னல், புழுதி எல்லாம் அச்சு அசலாக இருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. குருவுக்கு அதுதான் உறுத்தியது.

"மைதானத்துல எத்தனை தடம், டீச்சர்?"

"எட்டு."

"இங்க ஒண்ணுதான் இருக்கு."

"அவ ஒருத்திதானே ஓடினா."

"மத்த ஏழும் எங்க போச்சு?"

டீச்சர் ஒரு படத்தை எடுத்து மறுபடி சுருட்டப் போனார்.

குரு மேசையை ஓரமாகத் தள்ளினார். சாக்பீஸை எடுத்து சிமென்ட் தரையில் ஒன்பது கோடு போட்டார். எட்டுத் தடம் ஆயிற்று.

"முப்பிடாதிக்கு எது?"

"அஞ்சாவது."

புத்தகத்தில் அது எழுதியிருக்கவில்லை. எப்படித் தெரியும் என்று குரு கேட்கவில்லை. தூரிகை கழுவும் குவளையைக் கொண்டுபோய் ஐந்தாவது தடத்தில் வைத்தார்.

"நீங்க கொஞ்சம் போய் நில்லுங்க. பக்கத்துல ஆள் நின்னா எப்படித் தெரியுதுன்னு பார்க்கணும்."

"எங்க நிக்க?"

"உங்களுக்குத் தோணுற எடத்துல."

டீச்சர் நடந்தார். முதல் தடத்தைத் தாண்டினார். இரண்டாவதையும் மூன்றாவதையும் தாண்டி, நாலாவதில் நின்றார். சும்மா நிற்கவில்லை. இடது காலைக் கோட்டை ஒட்டி வைத்து, உடம்பை லேசாக முன்னே சாய்த்து நின்றார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குரு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமாச்சு?"

"நாப்பத்தஞ்சு."

"சொல்லுங்க."

"ஒரே பள்ளிக்கூடம். ஒரு மாசம் சாயங்காலம் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஓடிப் பழகினோம். போட்டியன்னைக்கு வெளிய நின்ன பெரியவங்க கையைக் காட்டினாங்க. சேரிப் பிள்ளையோட ஒரே வரிசையில நிக்கக்கூடாதுன்னு. ஒவ்வொருத்தியா விலகினா. அவ என்னைப் பார்த்து, 'வடிவு, நீ ஓடுவேல்லா?'ன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"கால் பிடிச்சிருக்குன்னேன்."

டீச்சர் பக்கத்திலிருந்த சாக்பீஸ் கோட்டை விரலால் தேய்த்தார்.

"நான்தான் கடைசியாப் போனேன், சீலிம்மா."

அந்த 'கடைசியா'வை அவர் இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது. கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. குரு அதைக் கையில் வாங்கிக்கொள்ளவில்லை.

"புத்தகத்தை வெளியிடப் போறது அவதான். அதே மைதானத்துல. அட்டையில என் பேரு இருக்கும். பார்த்ததும் தெரிஞ்சிரும். இதை நான் வரையலாமா? சொல்லுங்க."

"பத்தாவது தடவை வரைஞ்சு கொண்டாங்க."

டீச்சர் ஒரு வாரம் கழித்து வந்தார். இந்தத் தடவை படத்தில் எட்டுத் தடமும் இருந்தன. ஐந்தாவதில் முப்பிடாதி கோட்டருகே குனிந்து, புறப்படத் தயாராக இருந்தாள். மற்ற ஏழு பெண்களும் அவளை விட்டு நடந்துகொண்டிருந்தார்கள். ஆறு பேருக்கு முதுகுதான் தெரிந்தது. நாலாவது தடத்துப் பெண் மட்டும் திரும்பி முப்பிடாதியைப் பார்த்தாள். கண் நிறைந்து, வாய் ஏதோ சொல்ல வந்து நின்றிருந்தது. புத்தகம் முழுவதிலும் அவ்வளவு உயிருள்ள முகம் வேறு இல்லை.

குரு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு."

டீச்சரின் முகம் தெளிந்தது.

"இந்தப் பொண்ணு அன்னைக்குத் திரும்பிப் பார்த்தாளா?"

டீச்சர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"இல்லை."

குரு கறுப்பு வண்ணக் குப்பியைத் திறந்தார். தூரிகையை நனைத்து டீச்சர் பக்கம் நீட்டினார்.

"பின்னந்தலையா மாத்திருங்க."

"பிள்ளைங்க படிக்கிற புத்தகம், சீலிம்மா. ஒருத்தியாவது திரும்பிப் பார்த்த மாதிரி இருக்கட்டுமேன்னு..."

"முப்பிடாதியும் படிப்பாங்க."

டீச்சர் தூரிகையை வாங்கினார். அந்த முகத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

"இப்படி வரைஞ்சா, அவ பார்க்கும்போது என் முதுகுதானே தெரியும்?"

"அன்னைக்கும் அவங்க அதைத்தானே பார்த்தாங்க, டீச்சர்."