ஏற்றிய கண்ணாடி

தேர்தலில் மண்ணைக் கவ்விய முன்னாள் அமைச்சர் குலோத்துங்கன், காருக்குள் டிரைவர் மாசாணத்தின் மேல் பாய்ந்தார்.

"ஊருக்குள்ள கடலையே கொண்டுவர்றேன்னான் அந்தப் புளுகன். உங்க தெரு மொத்தமும் அவனுக்கே ஓட்டுக் குத்தியிருக்கு! ஏன்னு ஒரே வார்த்தையில சொல்லு. இல்லேன்னா சாவியை வச்சிட்டுப் போ."

மாசாணம் தன் தெருவுக்குள் காரைத் திருப்பி, எப்போதும் ஏற்றியே இருக்கும் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். சாக்கடை நாற்றம் குப்பென்று உள்ளே ஏறியது.

"ஐயோ, ஏத்துடா!" குலோத்துங்கன் மூக்கைப் பொத்தினார்.

"கடல் வராதுன்னு எங்களுக்கும் தெரியுமுங்கய்யா. ஆனா, இங்க நாறுதுன்னு சொன்ன ஒரே ஆளு அவருதான்."

அப்போது எதிரே, ஜெயித்தவரின் கார் வந்தது. அதன் கண்ணாடிகளும் இறுக மூடியிருந்தன.