சூடு படக்கூடாத துண்டு

ஒரே ஒரு ஊர்ல, கோவில்பட்டி பைபாஸ் பக்கம், காருங்களைக் குளிப்பாட்டுற கடை ஒண்ணு இருந்துச்சாம். ம் கொட்டு ராசாத்தி. நீ ம் கொட்டுனாத்தான் கதை நகரும்.

ம்.

அந்தக் கடையில சும்மா தண்ணி ஊத்திக் கழுவி அனுப்ப மாட்டாங்க. நுரை போட்டு, அழுக்கெடுத்து, மிஷின வச்சு பாலிஷ் போட்டு, முகம் பாக்குற மாதிரி ஆக்கித்தான் வண்டிய வெளிய விடுவாங்க. கடைசியில தொடைக்க மெத்து மெத்துன்னு துண்டு வச்சிருப்பாங்க. மைக்ரோஃபைபர் துண்டு. அதத் தொவைக்க ஒருத்தி, காயப்போட ஒருத்தி. தொவைக்கிறவ தங்கபுஷ்பம். காயப்போடுறவ பேச்சித்தாய்.

ரெண்டு பேரும் முன்னால ஒரே தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவங்க. பக்கத்துப் பக்கத்துல உக்காந்து, கை ஓடுற வேகத்துக்கு வாயும் ஓடும் அவங்களுக்கு. பேச்சிதான் முதல்ல இந்தக் கடைக்கு வந்தா. அப்புறம் முதலாளி இருதயராஜ் அண்ணாச்சிகிட்ட நின்னு, "எனக்கு ஒரு கூட்டாளி இருக்கா அண்ணாச்சி, அவளையும் சேத்துக்கிடுங்க"ன்னு கேட்டு புஷ்பத்தைக் கூட்டியாந்தா.

முதல் நாளே சொல்லிக் கொடுத்தா. "ஏட்டி, இது நம்ம வீட்டுத் துண்டு மாதிரி கிடையாது. இதுல கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி முடி இருக்கு. அதுதான் தண்ணியக் குடிக்கும், அதுதான் தூசியத் தூக்கும். அந்த முடி செத்துச்சுன்னா துண்டு செத்துச்சு." புஷ்பம் தலைய ஆட்டுனா. காதுல பாதிதான் விழுந்துச்சு.

பேச்சிக்கு ஒரு ஆசை இருந்துச்சு. பாலிஷ் மிஷினப் பிடிக்கணும்னு. அந்தக் கடையில பொம்பளை யாரும் அதத் தொட்டதில்ல. "தை பொறக்கட்டும், சொல்லித்தாரேன்"னு அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும், அணைஞ்சு கிடக்குற மிஷினத் தூக்கி வச்சுக்கிட்டு, கரண்டு இல்லாமலே வாயால ர்ர்ர்ர்ர்னு ஓட்டிப் பாப்பா. புஷ்பம் விழுந்து விழுந்து சிரிப்பா.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

அப்போ என்னாச்சு, புஷ்பத்துக்கு வாசனைன்னா உசுரு. ஒரு நாள் துண்டெல்லாம் மணக்கட்டும்னு, துணிக்கு ஊத்துற வாசனைத் தண்ணிய மூடி நிறைய ஊத்தி அலசிட்டா. மல்லியப்பூ மாதிரி மணந்துச்சு துண்டு. ஆனா தண்ணியக் குடிக்க மாட்டேங்குது! கண்ணாடியத் தொடச்சா வழவழ வழவழன்னு கோடு கோடா இழுக்குது. அண்ணாச்சி சத்தம் போட்டார். "யார் பாத்த வேலை இது?" புஷ்பம் வாயத் தொறக்கிறதுக்குள்ள, "நாந்தான் அண்ணாச்சி, தெரியாம ஊத்திட்டேன்"னு பேச்சி சொல்லிட்டா. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து நாலு தண்ணி மாத்தி அலசுனாங்க, சளக் சளக்னு.

அடுத்த மாசம் இன்னொண்ணு. தண்ணி மிச்சமாகும்னு நெனச்சு, அண்ணாச்சியோட பழைய வேட்டியையும் துண்டுகூட ஒண்ணா வாஷிங் மிஷின்ல போட்டுட்டா புஷ்பம். வேட்டிப் பஞ்சு பூராவும் துண்டுல ஏறிக்கிடுச்சு. நீலக் காரத் தொடச்சா, வெள்ளை வெள்ளையா பூனை புரண்ட மெத்தை மாதிரி இருக்கு காரு. அப்பவும் பேச்சிதான், "என் தப்பு அண்ணாச்சி"ன்னு முன்னால வந்து நின்னா. "ஏன்ட்டி எனக்காகத் திட்டு வாங்குத?"ன்னு புஷ்பம் கேட்டா. "நீ புதுசு. ஒன்னைய அனுப்பிட்டாருன்னா நான் யார்கூடப் பேசுறது?"ன்னா பேச்சி.

அப்புறம் ஐப்பசி வந்துச்சு. மழைன்னா மழை, சோன்னு நாலு நாளா ஊத்துது. துண்டெல்லாம் சொதசொதன்னு கொடியில தொங்குது. அந்தச் சமயம் பாத்து ஒரு டாக்டரோட கறுப்புக் காரு வந்துச்சு. அவரு மகளுக்கு மறுநாள் கல்யாணம். பொண்ணு அந்தக் கார்லதான் போகப்போறா.

அன்னைக்கு மத்தியானம் பேச்சி மகளோட பள்ளிக்கூடத்துல வரச் சொல்லியிருந்தாங்க. போறப்ப சொன்னா, "ஏட்டி, ஃபேனுக்கு அடியில கிடக்கட்டும். காயலேன்னா அண்ணாச்சிகிட்ட காயலேன்னு சொல்லு. அவசரப்பட்டுடாத."

அவ போன கொஞ்ச நேரத்துல அண்ணாச்சி குரல் கொடுக்குறார். "துண்டு ரெடியா?"

காயலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனா புஷ்பத்துக்கு மனசுல ஒரு குறுகுறுப்பு. ரெண்டு தடவை சொதப்பியாச்சு. இந்தத் தடவையாவது பேச்சி இல்லாம நானே செஞ்சு காட்டணும்னு தோணுச்சு. அண்ணாச்சி சட்டை தேய்க்க வச்சிருந்த அயன் பாக்ஸ எடுத்தா. சொருகுனா. ஈரத் துண்டு மேல வச்சா. ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்! ஆவி பறந்துச்சு. லேசா ஒரு பிளாஸ்டிக் நாத்தம் வந்துச்சு. ஆனா துண்டு காஞ்சிடுச்சு. அழகா மடிச்சு அடுக்கிட்டா.

ம்...

அந்தத் துண்டுல இருந்த குட்டி முடியெல்லாம் உருகி, முள்ளு முள்ளா நின்னுடுச்சு ராசாத்தி. அண்ணாச்சி அதால அந்தக் கறுப்புக் காரப் பூராவும் தொடச்சார். சாயங்காலம் விளக்கப் போட்டுப் பாத்தா, சிலந்தி வலை பின்னுன மாதிரி கீறல். பானெட்லயும் கீறல், கதவுலயும் கீறல். டாக்டர் வந்து பாத்துட்டு, வேற வண்டி தேடிப் போயிட்டார்.

மறுநாள் காலையில அண்ணாச்சி ரெண்டு பேரையும் கூப்பிட்டார். முகம் கறுத்துக் கிடக்கு.

"காயப்போடுறது யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி"ன்னா பேச்சி. துண்டக் கையில வாங்கித் தடவிப் பாத்தா. ஒரே தடவல்தான். அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. தலையத் தூக்கி புஷ்பத்தைப் பாத்தா. கோவமாப் பாக்கல. சும்மா, காத்துக்கிட்டு இருக்குற மாதிரி பாத்தா.

புஷ்பம் தரையப் பாத்தா.

"இத்தோட மூணு தடவை பேச்சி. நாளையில இருந்து வராத"ன்னுட்டார் அண்ணாச்சி.

பேச்சி துண்ட மடிச்சு மேசை மேல வச்சா. தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு, மழையிலயே நடந்து போயிட்டா.

அப்புறம் புஷ்பத்துக்குச் சோறு எறங்கல. அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிடலாம்னு அண்ணாச்சி முன்னால போய் நின்னா. "என்ன புஷ்பம்?" "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சோப்புத் தீந்துபோச்சு"ன்னுட்டு வந்துட்டா. நாலு நாள் கழிச்சு, பேச்சி வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனா. பேச்சியும் அவ மகளும் அடிபம்புல தண்ணி அடிச்சுக்கிட்டு இருந்தாங்க, கிரீச் கிரீச்னு. அங்கன நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டா.

பதினஞ்சாம் நாள்தான் சொன்னா. எல்லார் முன்னாலயும் சொன்னா. "அயன் பண்ணது நான் அண்ணாச்சி. முந்தி நடந்த ரெண்டும் நாந்தான்."

அண்ணாச்சி அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டார். "நானும் ஒரு வார்த்தை விசாரிக்கலியே. போ, ஓடிப் போய் அவளைக் கூட்டிட்டு வா. பாலிஷ் மிஷினக் கையில கொடுக்குறேன்னு சொல்லு."

ஓடுனா புஷ்பம். லொங்கு லொங்குன்னு ஓடுனா. வீடு பூட்டிக் கிடந்துச்சு. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பாத்து, "அவ தங்கச்சி இருக்குற திருப்பூருக்கே போயிட்டாளேம்மா, நேத்து. மகளுக்குப் பள்ளிக்கூடத்துல டிசியும் வாங்கியாச்சு"ன்னா.

ம்.

ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி, விசாரிச்சு விசாரிச்சு திருப்பூர்ல அந்த வீட்டக் கண்டுபிடிச்சா. பேச்சி கதவத் தொறந்தா. உக்காரச் சொன்னா. டீ போட்டுக் கொடுத்தா. புஷ்பம் டீயக் குடிக்காம, "நாந்தாண்ட்டி"ன்னு அழுதா.

"தெரியும்ட்டி. துண்டத் தொட்டதுமே தெரியும்."

"பின்ன ஏன்ட்டி சொல்லல?"

"ரெண்டு தடவை நான் சொன்னேன்ல. மூணாவது தடவை நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

புஷ்பம் முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டா. "அண்ணாச்சி வரச் சொன்னார். மிஷினத் தாரேன்னார்"ன்னா.

பேச்சி முகத்துல ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்துச்சு. "மெய்யாவா சொன்னாரு?"ன்னு கேட்டா. அப்புறம் அந்த வெளிச்சம் அடங்கிடுச்சு. "வேண்டாம். பனியன் கம்பெனியில சேந்துட்டேன். மகளையும் இங்கன சேத்தாச்சு. ஒரு வருசத்துல ரெண்டு தடவை ஊரு மாறுறது அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்ட்டி. ஒன் மேல கோவம் இல்ல. டீ ஆறுது, குடி."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து ஏத்தி விட்டா. கையசைச்சா.

அப்புறம்... சேந்துட்டாங்களா?

இல்லடா கண்ணு. பொங்கலுக்கும் தீவாளிக்கும் போன் பேசுவாங்க. "சாப்பிட்டியா?"ன்னு பேச்சி கேப்பா. "சாப்பிட்டேன், நீ?"ன்னு புஷ்பம் கேப்பா. அப்புறம் ரெண்டு பேருக்கும் என்ன பேசுறதுன்னே தெரியாது. போன வைக்கவும் மனசு வராது. காதுல வச்சுக்கிட்டுச் சும்மா நிப்பாங்க, அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி.

ம் சத்தமே காணோமே. சரி, ம் நின்ன எடத்துல கதையும் நின்னுக்கிடட்டும். போர்வைய இழுத்துக்கோ. தூங்கு ராசாத்தி.