ஈரம் போன வழி

மலைக்கு வந்த மறுநாள் காலையில் பூதலிங்கத்தின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை. குனிந்து செருப்பைத் தேடினார், பாதத்தில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். வாயிலிருந்த சிவநாமம் பாதியில் நின்றுவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு குருவின் குடிலுக்கு ஓடினார். ஓடக்கூடிய உயரமில்லை அது. வாசலை எட்டுவதற்குள் மூச்சும் முட்டிவிட்டது.

"தாயே, ரத்தம்."

குரு உலகம்மை முறத்தில் பார்லி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நெய் தடவுங்க அண்ணாச்சி."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேணும்னா ரெண்டு தடவை தடவுங்க."

பழைய வினை கழிந்து போகிறது என்பது போல ஏதாவது சொல்வார் என்று பூதலிங்கம் காத்திருந்தார். வினைக்கு நெய் தடவச் சொல்லும் குருவை அவர் கேள்விப்பட்டதில்லை.

உலகம்மை அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண். எந்தக் காலத்திலோ ஊரை விட்டு, இமயத்துக்கு அந்தப் பக்கம், மழை எட்டிப் பார்க்காத இந்தச் சரிவில் மண்வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்கள் அவரைத் தாயே என்பார்கள். அவரோ தன்னைவிட மூத்த ஆண்களை ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்பார். குருவே அண்ணாச்சி என்று கூப்பிட்டால் சீடன் எப்படி உருப்படுவான் என்று பூதலிங்கத்துக்கு ஒரு மனக்குறை உண்டு. வெளியே சொன்னதில்லை.

அவருக்கு ஊர் மணக்குடிக் காயல் கரை. உரித்த தேங்காய் மட்டைகளைக் காயலில் ஊறப்போட்டு, நார் எடுத்து, கயிறு திரிக்கும் களம் வைத்திருந்தார். அங்கே ஈரம் இல்லாத பொருள் கிடையாது. தீக்குச்சி நமத்துவிடும். அப்பளத்தைப் பொரித்த சூட்டில் தின்றால் உண்டு. தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். சமையலறை ஜாடியில் உப்பு எந்நேரமும் தண்ணீர் விட்டுக்கொண்டு கிடக்கும். பூதலிங்கமும் மத்தியானத்துக்குள் சட்டை மாற்றியாக வேண்டிய மனுசர்தான்.

போன ஆடியில் அவருடைய ஒரே மகள் வினோதினி காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்த பெண்.

அதற்குப் பிறகு அவருக்கு அழுகை நிற்கவில்லை. டீக்கடையில் அழுதார். களத்தில் வேலையாள்கள் முன்னால் அழுதார். சவரக்கடை நாற்காலியில் உட்கார்ந்து அழுததில் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வீட்டில் மனைவி பகவதி ஓய்ந்தால் இவர் தொடங்குவார், இவர் ஓய்ந்தால் அவள் தொடங்குவாள்.

ஒருநாள் பையைத் தூக்கிவிட்டார்.

"மனசு அடங்கினா வாறேன்," என்றார்.

பகவதி தடுக்கவில்லை. ஒரு குப்பி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து பையில் வைத்தாள். பெற்றவளை அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டுத்தான் அவர் வந்தார். அப்படி விட்டு வந்தோம் என்பது வழியெல்லாம் அவர் புத்தியில் ஏறவே இல்லை. தன் துக்கத்தைத் தூக்கிச் சுமப்பதிலேயே குறியாக இருந்தார்.

மலையில் அந்த எண்ணெய் மெழுகாக உறைந்துவிட்டது. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வரவில்லை. மாடத்தில் வைத்தவர் பிறகு தொடவில்லை.

எண்ணெய் மட்டுமா? தினம் ஒன்று அவரைத் தூக்கிவாரிப் போட்டது. உதடு தானாக வெடித்தது. சிரித்தால் ரத்தம் எட்டிப் பார்த்தது. உலை தளதளவென்று கொதித்தது, அரிசி மட்டும் வேகமாட்டேன் என்று அடம்பிடித்தது. குரு கொடுத்த கறுப்புக் கம்பளியை உதறினால் படபடவென்று பொறி பறந்தது. முதல் தடவை உள்ளே ஏதோ பூச்சி என்று எகிறிக் குதித்தார். அப்புறம் பழகிப்போய் அதையே மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டார். காலையில் எழுந்தால் கண்ணோரம் தோல் இழுத்துப் பிடிக்கும். பாழாய்ப்போன காற்று என்று வைதுகொண்டே அங்கேயும் நெய் தடவுவார்.

அந்தக் குடிலில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும். தியானம் தவறலாம், தண்ணீர் தவறக்கூடாது. இது என்ன சாதனை என்று பூதலிங்கத்துக்கு விளங்கவில்லை. ஆனாலும் குடித்தார்.

வெயில் ஏற ஏற வேலை செய்தும் தனக்கு வியர்ப்பதில்லை என்பதை ஒருநாள் கவனித்தார். அக்குளைத் தொட்டுப் பார்த்தார். உலர்ந்திருந்தது. சட்டையை முகர்ந்தார். வாடையே இல்லை. ஊரில் அவர் கழற்றிப் போடும் சட்டையைப் பகவதி விரல்நுனியில்தான் தூக்குவாள்.

அதே வேகத்தில் இன்னொன்றும் மனதில் பட்டது. இங்கே வந்த பிறகு அவர் அழவில்லை.

மூக்கில் ரத்தம் வந்தபோதுகூட அவர் இவ்வளவு அதிரவில்லை. ஆப்ரிகாட் மரத்தடியில் உட்கார்ந்து வேண்டுமென்றே மகளை நினைத்தார். அவள் போன மறுநாள் வாசலில் கிடந்த அவளுடைய செருப்பை நினைத்தார். கண் கலங்கவில்லை. ஊரில் அந்தச் செருப்பை நினைத்தாலே அவருக்கு அழுகை முட்டும்.

கடந்துவிட்டோம் என்று முடிவு கட்டினார். அன்றுமுதல் மணி அடித்தால் செம்பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் வேரில் ஊற்றினார். வற்றிய உடம்புக்குத் தண்ணீர் எதற்கு?

சில நாள் கழித்துக் குருவின் முன்னால் போய் நின்றார்.

"வாற பௌர்ணமிக்கு எனக்குக் காவி குடுங்க தாயே."

"எதுக்கு?"

"எல்லாம் நின்னுட்டு. வேர்வை நின்னுட்டு. தாகம் நின்னுட்டு. அழுகையும் நின்னுட்டு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"மகளை வேணும்னே நெனச்சுப் பாத்தேன். கண்ணு கலங்கலை."

உலகம்மை அவர் கண்ணோரத்தை உற்றுப் பார்த்தார்.

"காவி கட்டினா வீடு கிடையாது அண்ணாச்சி. திரும்ப முடியாது. தெரியும்லா?"

"தெரியும்."

"மதினிக்கு?"

"நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

கீழே ரோட்டு வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். பூதலிங்கம் இறங்கிப் போனார். பகவதி உடனே எடுத்தாள்.

"அழுகை நின்னுட்டு பகவதி."

அந்தப் பக்கம் காயல் காற்று இரைந்தது.

"எனக்கு நிக்கலையே," என்றாள்.

அவளே அடுத்ததையும் கேட்டாள்.

"வினோவுக்குமா நின்னுட்டு?"

"எல்லாத்துக்கும்."

"சரி. நல்லா இருங்க."

வைத்துவிட்டாள். காவியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் சொல்லியாயிற்று என்று கணக்கில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

"சொல்லிட்டேன் தாயே."

"சரி. காவிக்கு முன்னால ஒரு வேலை. இந்த வேட்டியை நனைச்சுக் கொடியில போடுங்க. பக்கத்துலயே உக்காந்து, தண்ணி எந்த வழியா போகுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. செம்புல தண்ணி வச்சிருக்கேன், குடிச்சுக்கிடுங்க."

பூதலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆயுசு முழுக்கத் தண்ணீரோடு கிடந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? வேட்டியை நனைத்துப் பிழிந்து போட்டார். முதலில் சில சொட்டுகள் விழுந்தன. பிறகு அதுவும் இல்லை. கீழே மண் நனையவில்லை. காற்றில் ஒரு புகைகூடத் தெரியவில்லை. கையில் இருந்த ஜபமாலையை ஒரு சுற்று உருட்டி முடிப்பதற்குள் வேட்டி அட்டையாக விறைத்துவிட்டது.

"காஞ்சுட்டு தாயே."

"தண்ணி எந்த வழியா போச்சு?"

"தெரியலை. கண்ணை எடுக்காமத்தான் இருந்தேன்."

"அப்ப இன்னொரு தடவை பாருங்க."

வெயில் உச்சிக்கு வந்தது. தண்ணீர் எடுக்கும் ஊற்றுவரை நடக்கச் சோம்பல்பட்டு, குடிக்க வைத்த செம்புத் தண்ணீரிலேயே வேட்டியை நனைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வேட்டி மறுபடி காய்ந்தது. தண்ணீர் போனது தெரியவில்லை. எழுந்தார். வேட்டியும் மலையும் சேர்ந்து சுற்றின. கொடியைப் பிடிக்கக் கையை நீட்டியதுவரைக்கும்தான் அவருக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது தன் அறையில் படுத்திருந்தார். சட்டையைக் கழற்றியிருந்தார்கள். தலைக்கடியில் கறுப்புக் கம்பளி. உலகம்மை உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். கரண்டி பூதலிங்கத்தின் பல்லில் தட்டியது.

"செத்திருப்பீங்க அண்ணாச்சி. நானே உங்களை வெயில்ல உக்கார வச்சுக் கொன்னிருப்பேன்."

உலகம்மை கரண்டியைக் கீழே வைத்தார்.

"செம்புத் தண்ணியை என்ன செஞ்சீங்க?"

"வேட்டியை நனைச்சேன்."

"இத்தனை நாளும் மணிக்கு மணி குடுத்ததை?"

"மரத்துக்கு ஊத்தினேன்."

உலகம்மைக்குக் கோபம் வந்தது. அதை அடக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏன்?"

"வேர்க்கவே இல்லையே தாயே. தாகமும் இல்லை."

உலகம்மை எழுந்து அவருடைய நீலச் சட்டையை எடுத்து வந்தார். முதுகுப் பக்கத்தை விரித்துக் காட்டினார். தோளிலிருந்து இடுப்புவரை வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருந்தது.

காயல்காரருக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

"வேர்க்கலையா அண்ணாச்சி?"

பூதலிங்கம் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர் போய்த் திரும்பி வந்து, வீடு களவு போயிருப்பதைப் பார்த்த ஆள் மாதிரி முகம் வெளிறிவிட்டது. தன் உடம்பிலிருந்து இவ்வளவு போயிருக்கிறது, போனது தனக்குத் தெரியவில்லை. அதைத் தவம் என்று வேறு நினைத்திருக்கிறார்.

ஆனாலும் மனுசர் லேசில் விடுகிறவரில்லை.

"உடம்பு ஏமாத்திட்டு தாயே. சரி, ஒத்துக்கிட்டேன். அழுகை நின்னது நெசம். அதை நானே சோதிச்சுப் பாத்தாச்சு."

"பகல்லதானே சோதிச்சீங்க?"



உலகம்மை அவரைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார். கறுப்புக் கம்பளியை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார்.

"இது நீங்க தலைக்கு வச்சுப் படுக்கறதுதானே?"

"ஆமா."

"வேற யாரும் தொடலையே?"

"இல்லை."

முகம் பதியும் இடத்தில், கறுப்பின் மேல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. ஒரு திட்டின் விளிம்புக்கு மேல் இன்னொரு திட்டு, அதற்கு மேல் இன்னொன்று. ஒரு ராத்திரியில் வந்த கறையில்லை.

பூதலிங்கம் விரலை நீட்டினார். தொட்டார். விரலை நாக்குக்குக் கொண்டுபோனார். எடுக்கவில்லை, விரல் அங்கேயே நின்றுவிட்டது. தினமும் காலையில் கண்ணோரம் இழுத்துப் பிடித்த தோலும், அதன் மேல் தான் நெய் தடவியதும் அவர் நினைவுக்கு வந்தன.

"நானா?" என்றார்.

உலகம்மை கம்பளியை வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"தூக்கத்துலயா? தினமுமா?"

பூதலிங்கம் கம்பளியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் நின்னுட்டுன்னு பகவதிகிட்ட சொல்லிட்டேனே தாயே."

ஜன்னலுக்கு வெளியே கொடியில் வேட்டி காற்றில் மொடமொடத்தது.

பிறகு அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். கம்பளியைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் ஊற்றுப் பக்கம் நடக்கப் பார்த்தார்.

"தொவைச்சுக் குடுத்துருதேன் தாயே. காவி வேண்டாம்."

உலகம்மை வழிமறித்தார். கம்பளியை வாங்கி, கறை உள்ளே இருக்கும்படி மெதுவாக மடித்தார். மாடத்திலிருந்த எண்ணெய்க் குப்பியையும் எடுத்து இரண்டையும் அவர் பையில் வைத்தார்.

"தொவைக்க வேண்டாம் அண்ணாச்சி. அப்படியே கொண்டு போய் மதினி கையில குடுங்க. உங்க ஊர்க் காத்து பட்டா இந்த உப்பு தானா ஈரமாயிரும்."