கரைக்குக் கீழே குடியிருப்பவர்

சொக்கட்டான் ஆட்டத்தில் ஜெயித்தால் ஊரையே தானம் கொடுப்பான், தோற்றால் எதிரே நிற்பவனைச் சிறையில் தள்ளுவான். அப்படியொரு ராஜா, மருதவர்மன் என்று பெயர், ஒரு காலத்தில் நெடுமடை நாட்டை ஆண்டு வந்தான்.

ஒரு ஐப்பசி மழையில் அந்நாட்டுப் பேரேரி உடைந்தது. கரைக்குக் கீழே இருந்த கீழத்தெருவில் அறுபது பேர் செத்தார்கள். கரைகாவலன் முதல் ஆளாக ஓடிப்போயிருந்தான்.

அடுத்த மழைக்காலம் நெருங்கியது. புதுக் காவலனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, போன முறை போலவே, அவை அதிகாரி கனகசபாபதியிடம் வந்தது. ராஜாவும் மந்திரி வல்லபரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

ஒருவன் அழகேசன், பெரிய வீட்டுப் பிள்ளை. மற்றவன் சடையாண்டி. இரவல் வேட்டியைக் கட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை வழி நெடுக மனப்பாடம் செய்தபடி வந்திருந்தான்.

“தகப்பன் என்ன வேலை?” என்றார் கனகசபாபதி.

“ஏரியில வண்டல் அள்ளுறாருங்க.”

“கீழத்தெருவா! பொழுது சாய்ந்தால் அங்கே எவன் தெளிவாக இருக்கிறான்? அடைமழையில் குடித்துவிட்டுக் குறட்டை விடுவாய்.”

அவை சிரித்தது.

“நான் குடிக்கிறதில்லைங்க. கரையில தண்ணி கசியுற நண்டு வளை எங்கெங்க இருக்குன்னு...”

“கேட்டதற்கு மட்டும் பதில் சொல். போதும், தள்ளி நில்.”

வல்லபர் அழகேசன் பக்கம் திரும்பினார். “தம்பி, ஏரிக்கரையில் நடந்திருக்கிறீர்களா?”

“பல்லக்கில் போயிருக்கிறேன்.”

“என்ன அழகான பேச்சு! இவரே காவலர், அரசே” என்றார் கனகசபாபதி.

உத்தரவில் வைக்க ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றினான்.

“ஒரு சின்ன விண்ணப்பம்” என்றார் வல்லபர். “காவலனைத் தேர்ந்தெடுத்தவர் மழைக்காலம் முடியும்வரை குடும்பத்தோடு கீழத்தெருவில் குடியிருக்கட்டும். நல்ல ஆளைத்தானே தேர்ந்தெடுத்திருக்கிறார்?”

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. “ஆகட்டும்! இன்றைக்கே மூட்டை கட்டும், கனகசபாபதி. அழகேசன்தானே?”

கனகசபாபதி தரையைப் பார்த்தபடி சொன்னார்: “சடையாண்டி.”

“அவன் குடிப்பானே?” என்றார் வல்லபர்.

“இல்லை. அவனுக்கு ஏரி தெரியும்.”

“எப்போதிலிருந்து இது உமக்குத் தெரியும்?”

சடையாண்டிதான் மெல்ல வாய் திறந்தான்.

“போன வருசமும் வந்தேனுங்க. இதே கேள்வியைத்தான் கேட்டாரு. அப்ப எங்கம்மாவும் தங்கச்சியும் இருந்தாங்க.”

அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

“போன வருட உத்தரவில் முத்திரை வைத்தது யார்?” என்றான் ராஜா.

“தாங்கள்தான். சொக்கட்டான் நடுவே” என்றார் வல்லபர்.

ராஜா பக்கத்திலிருந்த சொக்கட்டான் பலகையைத் தள்ளி வைத்தான். தன் கையாலேயே சடையாண்டிக்குக் காவலன் கோலைக் கொடுத்தான். கனகசபாபதியின் பதவி போயிற்று. ஆனால் கீழத்தெரு உத்தரவு அப்படியே நின்றது.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. அது வலுக்கும்போதெல்லாம் கனகசபாபதி வாசலுக்கு ஓடி வந்து, கரையை நோக்கிக் கத்துவார்: “சடையாண்டி! இருக்கிறாயா?”

மேலே, முழங்கால் சேற்றில் நின்று நண்டு வளையை மிதித்து அடைத்துக்கொண்டே அவன் சொல்லுவான்:

“இருக்கேன் சாமி. நீங்க தூங்குங்க.”