மதகுக்குக் கேட்ட கல்

"இந்தக் கல்வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தலை நரைத்ததுதான் மிச்சம், தாயே. எதற்காக நட்டார்கள் என்று இன்னும் பிடிபடவில்லை" என்றான் செங்கண்ணன்.

அவன் குரு மாசாத்தியார் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்றைக்கு என்ன அவசரம்?"

"மதகு கட்டுகிற அதிகாரி வந்து நிற்கிறார். இவற்றால் என்ன பயன் என்று சொன்னால் விட்டுவிடுவாராம். இல்லையென்றால் மதகுக்கென்று வண்டியில் ஏற்றிவிடுவாராம்."

"சொல்லேன்."

"எதைச் சொல்ல?"

"தெரிந்ததை."

வெளியே வில்லவன் எருதுகளோடும் ஆட்களோடும் காத்திருந்தார். ஏரிக்கு இரண்டு முறை மதகு கட்டியவர். இரண்டையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

"இது புதைத்த இடம்" என்றான் செங்கண்ணன்.

"யாரை?"

"நட்சத்திரம் பார்க்க நட்டது என்றும் சொல்கிறார்கள்."

"எந்தக் கல்லுக்கு எந்த நட்சத்திரம்?"

"மாட்டுப்பட்டி என்று சிலர்..."

"புலவரே, இந்தச் சந்தில் மாடென்ன, நானே நுழைந்து போய்விடுவேன்!"

ஆட்கள் சிரித்தார்கள். வில்லவனின் தொந்தி அப்படி.

மாசாத்தியார் கஞ்சிக் கலயத்தோடு வந்தார். "கல்லை எடுத்துக்கொள்ளப்பா" என்றார் வில்லவனிடம்.

கல்லில் வடம் கட்டினார்கள். எருதுகள் இழுத்தன. வடம் அறுந்தது. கல் இருந்த இடத்திலேயே இருந்தது.

வில்லவனே கடப்பாரையை வாங்கி அடியில் குத்தினார். ணங்கென்றது.

மாசாத்தியார் உட்கார்ந்து, கையால் மண்ணை விலக்கினார். "குனிந்து பாருங்கள், இரண்டு பேரும்."

பெருங்கல்லைச் சுற்றிச் சிறு கற்கள். ஒன்றின் இடுக்கில் ஒன்றாக, பார்த்துப் பார்த்துச் செருகியவை. வில்லவன் விரலை நுழைக்கப் பார்த்தார். நகம்கூட நுழையவில்லை.

அவர் தம் கொத்தனைத் திரும்பிப் பார்த்தார்.

"நாம் மதகுக்கு அடியில் என்ன போட்டோம்?"

"களிமண், ஐயா."

யாரும் சிரிக்கவில்லை.

"மண்ணைத் தள்ளி மூடுங்கள். பழையபடி இருக்கட்டும்" என்றார் வில்லவன். வண்டிகளைத் திருப்பச் சொன்னார். பிறகு செங்கண்ணனிடம் வந்தார். குரல் தணிந்திருந்தது.

"ஐயா, நிஜமாகவே கேட்கிறேன். இதை எதற்காக நட்டார்கள்?"

செங்கண்ணன் குருவைப் பார்த்தான். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

கல்லின் மேல் கையை வைத்து நிமிர்ந்தான்.

"நிற்பதற்கு."